ஜெபக்குழுவில் அழுத தங்கை மறுவாரம் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் சபையில் வாரம் ஒருமுறை கூடும் வீட்டு ஜெபக்குழுவை நானும் கணவரும் நடத்துகிறோம். எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். "ஜெபக்குறிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று வாரந்தோறும் கேட்போம். உடல்நலம், பயணம், பிள்ளைகளின் பரீட்சை என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்வதில்லை. போன மாதம் "இன்று மனம் திறந்து பேசுவோம்" என்று நானே ஆரம்பித்தேன். அப்பாவை இழந்து நான்கு மாதமான ஒரு தங்கை, "என்னால ஜெபிக்கவே முடியல. கர்த்தர் மேலயே கோபமா இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டாள். உடனே ஓர் அண்ணன், "சகலமும் நன்மைக்கு ஏதுவாத்தான் நடக்கும்மா" என்றார். ஓர் அக்கா, தன் அம்மா இறந்தபோது கர்த்தர் தன்னை எப்படித் தேற்றினார் என்று சாட்சி சொன்னார். எனக்குப் பதற்றமாகி, அவசரமாக ஜெபித்து முடித்துவிட்டேன். மூன்று வாரமாக அவள் வரவில்லை. இதற்கிடையில் வேறொரு குழுவைச் சேர்ந்தவர், "அந்தத் தங்கச்சி பின்மாற்றத்துல இருக்காங்களாமே, ஜெபிக்கிறோம்" என்று என்னிடமே சொல்கிறார். அவளை எப்படித் திரும்ப அழைப்பது? இனி யாராவது அழுதால் என்ன சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. குழுவில் யாருக்கும் தெரியாது. இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. நடத்துகிறவளே அழுதால் மற்றவர்களின் விசுவாசம் தளர்ந்துவிடாதா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் தங்கையைப் பார்ப்போம். அவளை எப்படித் திரும்ப அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அழைக்காதீர்கள். "ஏம்மா வரல, வா" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், தான் வராதது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். நீங்கள் அவளிடம் போக வேண்டியது மன்னிப்புக் கேட்பதற்காக. தனியாகப் போங்கள். இரண்டு மூன்று பேராகப் போய் நின்றால் அது விசாரணை போலாகிவிடும். மெசேஜில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சந்திக்க நேரம் கேட்பதற்கு மட்டும் மெசேஜ் போதும். "உன்னைப் பாக்க வரலாமா? குழுவுக்குக் கூப்பிட இல்ல. அன்னைக்கு நடந்தது பத்தி நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." இவ்வளவுதான். அவள் ஒரு வாரம் பதில் போடவில்லையென்றால் பொறுத்திருங்கள். பிறகு ஒரே ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

நேரில் பார்க்கும்போது நடந்ததை இன்னதென்று சொல்லியே ஒப்புக்கொள்ளுங்கள்: "அன்னைக்கு நீ மனசத் தொறந்து பேசின. நாங்க கேக்கல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாம அவசரமா ஜெபிச்சு முடிச்சேன். அது தப்பு. நீ சொன்னது வெளியவும் போயிருக்கு. மன்னிச்சிடும்மா." வெளியே போனதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் காதுக்கு அது எப்படியும் வரும். உங்களுக்குத் தெரிந்தும் மறைத்தீர்கள் என்று பின்னால் தெரிந்தால் இரண்டாவது காயம் முதலாவதைவிட ஆழமாகப் போகும். "அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொன்னார்" என்ற வாக்கியத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். மன்னிப்புக் கேட்கிற இடத்தில் அது அவள் பக்கம் இருந்து நகர்ந்து அவர் பக்கம் போய் நிற்பது. சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். அவள் பேசாமலிருந்தால் நீங்களும் பேசாமலிருங்கள். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி: "வெளிய போன விஷயத்துல நான் என்ன செய்யணும்னு நினைக்கிற?" திருத்த வேண்டுமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா என்று அவள் தீர்மானிக்கட்டும்.

விசுவாசத்தைவிட்டு விலகிப்போனவள் என்று பொருள்படும் 'பின்மாற்றம்' என்ற சொல் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. சீலோவிலிருந்த ஆலயத்தில் பிள்ளையில்லாத அன்னாள் உதடுகள் மட்டும் அசைய அழுது ஜெபித்துக்கொண்டிருந்தபோது, ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்றும், கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகவும் அவள் விளக்க வேண்டியிருந்தது (1 சாமுவேல் 1:15). ஏலி செய்த நல்லது ஒன்று: விளக்கம் கேட்டதும் தன் கணிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், "சமாதானத்துடனே போ" என்றார். தங்கை திருத்தச் சொன்னால், உங்களிடம் வந்து சொன்னவரும் ஏலி போலத் திருந்த வாய்ப்புக் கொடுங்கள்: "அப்படி இல்லைங்க. அப்பாவ இழந்த துக்கம். இத இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் தரும் நீண்ட விளக்கமே அடுத்த செய்தியாகிவிடும்.

கர்த்தர்மேல் கோபம் என்று சொல்கிறவள் அவரிடமிருந்து போய்விட்டவள் என்று எண்ணாதீர்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. அதுவாவது ஆறு வசனத்துக்குள் துதிக்கு வந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படி வருவதே இல்லை. அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்ற இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சேர்க்காமல் அந்தப் பாட்டை வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் குழுவிலும் ஸ்தோத்திரத்தில் முடியாத பேச்சுக்கு இடம் வேண்டும்.

இனி, அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. மனம் திறந்து பேசச் சொல்லி அழைத்தால் ஒருவர் பேசிவிடலாம். அடுத்தவர் பேசுவாரா என்பது, முதலில் பேசியவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்தது. மீதி எட்டுப் பேரும் அன்றைக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் சொன்ன வசனம் சத்தியம். ஆனால் அப்பா போய் நான்கு மாதமான பெண்ணின் காதில் அது "உங்க அப்பா செத்தது நல்லதுக்குத்தான்" என்று விழுகிறது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனை நீதிமொழிகள் 25:20 குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனோடும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியோடும் ஒப்பிடுகிறது. காடி என்பது புளித்த திராட்சரசம். வெடியுப்பு என்பது இங்கே அழுக்கு போக்க உதவும் காரம். தனித்தனியே இரண்டும் பயனுள்ளவை. ஒன்றின்மேல் ஒன்றை ஊற்றினால் பொங்கி நுரைத்து இரண்டும் வீணாகும். பாட்டில் குறை இல்லை, வசனத்திலும் குறை இல்லை. ஊற்றிய நேரம்தான் தவறு.

அக்காவின் சாட்சி வேறு விதமாக வலிக்க வைக்கும். அழுதுகொண்டிருந்தவள் இப்போது கேட்கிறவளாகிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்ட வேண்டியிருக்கிறது. கூடவே, "அவங்களுக்கு வந்த ஆறுதல் எனக்கு ஏன் வரல?" என்ற கேள்வியையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாள். அந்தச் சாட்சி வீணானது என்று சொல்லமாட்டேன். சில வாரம் கழித்து, "உங்க அம்மா போனப்ப எப்படிக்கா இருந்துச்சு?" என்று அவளே கேட்கும் நாள் வரும். அன்றைக்கு இரண்டு மூன்று வாக்கியத்தில் சொன்னால் அது மருந்து.

உங்கள் ஜெபத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குழுவில் "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினால், அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் பாதியில் நிற்கும்போதே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. பல குழுக்களில் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும்: "ஆண்டவரே, இந்த மகள் உம்மைச் சந்தேகப்படாமல் விசுவாசத்தில் நிலைத்திருக்க உதவும்" என்று, கர்த்தரிடம் பேசுவதுபோல அவளுக்கே பிரசங்கம் செய்வது. கண்ணை மூடியிருக்கும் ஒருவரால் அதற்குப் பதில்கூடச் சொல்ல முடியாது.

மூன்று பேரும் அன்பில்லாதவர்களா? நிச்சயமாக இல்லை. "கர்த்தர் மேலயே கோபமா இருக்கு" என்ற வாக்கியம் அறைக்குள் விழுந்ததும் எல்லோர் அடிவயிற்றிலும் ஒரு பயம் எழுந்தது. அந்தப் பயத்தை அடக்க அவரவர் கையில் இருந்ததை எடுத்தார்கள். ஒருவர் வசனம், ஒருவர் சாட்சி, நீங்கள் ஜெபம். அவளுக்காகச் செய்ததாகத் தோன்றினாலும், முதலில் தணிந்தது உங்கள் பதற்றம். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் சிநேகிதர் கதையும் இதேதான். இரவு பகல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. கர்த்தருக்காக வழக்காட வாயைத் திறந்தபின்தான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்ததும் அவர்கள்மேல்தான்; புலம்பித் தீர்த்த யோபுவே நிதானமாய்ப் பேசினவன் என்கிறார் (42:7).

அடுத்த முறை யாராவது அழுதால், அவர் நிறுத்தியதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து விநாடி மிக நீளமாகத் தெரியும், தெரியட்டும். அதற்குள் பலர் தாங்களே தொடர்ந்து பேசுவார்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சில்தான் வரும். பேசாவிட்டால், நீங்கள் கேட்டதை ஒரே வாக்கியத்தில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "அப்பா போனதுலேர்ந்து ஜெபிக்க முடியல, கோபம் வருது... இத நாலு மாசமா தனியா வச்சிட்டிருந்திருக்க." அவர் சொன்னதைவிடப் பெரிதாக்கவும் வேண்டாம், சிறிதாக்கவும் வேண்டாம். தவறாகச் சொல்லிவிட்டால், "இல்லக்கா, கோபம்கூட இல்ல, வெறுமையா இருக்கு" என்று அவரே திருத்துவார். அப்படித் திருத்தப்படுவது நல்லது. அவருக்கே சொல் தெளிவாகிறது.

பிறகு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. 'ஏன்' என்று தொடங்க வேண்டாம்; ஏன் என்று கேட்டால் மனிதர் காரணம் காட்டித் தற்காத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள். "எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கு?", "அந்தக் கோபத்தப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றியா?" என்பவை போதும். மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர் என்றும், புத்திமான் அதை மொண்டெடுப்பான் என்றும் நீதிமொழிகள் 20:5 சொல்கிறது. மொள்வதற்கு வாளியை மெதுவாக இறக்க வேண்டும். கல்லை எறிந்தால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும்.

அதன்பின், "இப்ப என்ன வேணும்? நாங்க கேட்டா போதுமா, ஜெபிக்கட்டுமா, சேர்ந்து யோசிக்கலாமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி ஒன்று மட்டும் குழுவில் பழகிப்போனாலே பாதிக் காயங்கள் நேராது. 'கேட்டா போதும்' என்கிறவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, அது எவ்வளவு நல்ல ஆலோசனையாக இருந்தாலும்.

சின்னதாகத் தெரியும் சில விஷயங்களும் உண்டு. டிஷ்யூவை எடுத்து நீட்டினால் அழுகையை நிறுத்து என்று சிலர் புரிந்துகொள்வார்கள். பெட்டியைக் கை எட்டும் இடத்தில் முன்பே வைத்துவிடுங்கள். தோளில் கை வைக்கும் முன் "பக்கத்துல வந்து உக்காரட்டுமா?" என்று கேளுங்கள். "எனக்குப் புரியுது" என்பதைவிட "இன்னும் சொல்லு" நல்லது.

கர்த்தர் தாங்கக்கூடியதைத்தான் தருவார் என்ற ஆறுதலை நான் முழுதாகவே விட்டுவிடச் சொல்வேன். அது 1 கொரிந்தியர் 10:13-ஐப் பிடித்துக்கொண்டு சொல்லப்படுவது. அந்த அதிகாரம் இச்சை, விக்கிரகாராதனை, முறுமுறுப்பு என்று பாவத்தில் விழவைக்கும் சோதனையைப் பற்றியது. அதிலிருந்து தப்பிக்கொள்ளும் போக்கு உண்டு என்கிறது. துயரத்தைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதியது வேறு: பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகும்படி, "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரமான வருத்தம் ஆசியாவில் உண்டானது என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). பலத்துக்கு மிஞ்சியது வரும். வந்ததை "நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை" என்றும் அங்கேயே எழுதுகிறார்.

அழுதவர் ஜெபிக்கச் சொன்னால், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அவர் சொன்ன சொற்களையே வைத்து ஜெபியுங்கள்: "ஆண்டவரே, என் தங்கச்சிக்கு உம்மேல கோபமா இருக்கு. அப்பா இல்லாத இந்த நாலு மாசம் எப்படிப் போச்சுன்னு உமக்குத் தெரியும். அவளால ஜெபிக்க முடியாத நாட்கள்ல அவளுக்காக நாங்க ஜெபிக்கிறோம். ஆமென்." திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு 2:5 சொல்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட அங்கே இல்லை.

மறுநாள் காலை முக்கியம். முந்தின நாள் மனம் திறந்தவர் பெரும்பாலும் வெட்கத்தோடுதான் எழுந்திருப்பார்: ஏன் சொன்னோம், எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று. "நேத்து நீ சொன்னது என் மனசுல இருக்கு. பதில் போடணும்னு இல்ல" என்று அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பரவாயில்லை என்ற ஒரே பதில்தான் சொல்ல முடியும்.

குழு கூடும் முறையையும் மாற்ற வேண்டும். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஏழு நிமிடம் பேசினாலே ஒரு மணி நேரம் தாண்டிவிடும். கடைசி மூன்று பேருக்கு நேரம் இருக்காது, எட்டு ஜோடிக் கண்கள் முன் யாருக்கும் வாய் வராது. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்: ஐந்து நிமிடம் அவர் பேச, நான்கு நிமிடம் மற்ற இருவரும் திருப்பிச் சொல்லவும் கேட்கவும், இரண்டு நிமிடம் ஜெபம், ஒரு நிமிடம் அமைதி. மூவருக்கும் முப்பத்தாறு நிமிடம். பெண்கள் பெண்களோடு, ஆண்கள் ஆண்களோடு இருப்பது நல்லது. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் ஒரு குழு நான்கு பேராகட்டும், அதற்கு நேரம் கூட்டுங்கள். அதே மூவர் குறைந்தது எட்டு வாரம் சேர்ந்திருக்கட்டும். வாரா வாரம் ஆளை மாற்றினால் ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகவே இருக்கும். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது.

கேள்வியையும் மாற்றுங்கள். 'ஜெபக்குறிப்பு' என்றால் காரியங்கள்தான் வரும். "இந்த வாரம் எது அழுத்துச்சு? எது சந்தோஷமா இருந்துச்சு?" என்று இரண்டையும் கேளுங்கள். ரோமர் 12:15 அழுகிறவர்களுக்கு முன்னால் சந்தோஷப்படுகிறவர்களைச் சொல்கிறது. பிள்ளை இல்லாதவர் முன்னால் கர்ப்பமான செய்தியைச் சொல்ல முடியாமல் ஒளிக்கிறவர்களும் சபையில் உண்டு. அவர்களும் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

பேசுகிறவர்களுக்கும் பழக்கம் தேவை. 'கஷ்டமா இருக்கு', 'மனசு சரியில்ல', 'பாரமா இருக்கு' என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். அதற்குள் துக்கம் இருக்கலாம், ஏக்கம், ஏமாற்றம், பயம், வெட்கம், பொறாமை, குற்றவுணர்வு, தனிமை இருக்கலாம். ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போயிருப்பதும் இருக்கலாம். நம் வேதாகமத் தமிழிலேயே வியாகுலம், சஞ்சலம், கலக்கம், மனக்கிலேசம், திகில் என்று எத்தனை சொற்கள்! 'ஆவிக்குரிய வறட்சி' என்று ஒருவர் சொன்னால், அதற்குள் யார்மேலோ உள்ள கோபம் ஒளிந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு சறுக்கல்: "நீங்க என்ன மதிக்கலன்னு உணர்றேன்" என்பது உணர்வு போலத் தோன்றும் குற்றச்சாட்டு. "நீங்க வரலன்னதும் எனக்கு அவமானமா இருந்துச்சு" என்பதுதான் உணர்வு. முதலாவதற்கு எதிராளி வாதாடுவார், இரண்டாவதைக் கேட்பார். ஒருவர்மேல் ஒருவருக்குள்ள மனத்தாங்கலைக் குழுவில் ஜெபக்குறிப்பாக வைப்பதும் தவறு. அது மத்தேயு 18:15 சொல்வதுபோல அவரும் நீங்களும் தனித்திருக்கையில் பேச வேண்டியது.

இரகசியம் காப்பதை வெறும் அறிவிப்பாக விடாமல், ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்வதில்லை. கணவன் மனைவியிடமும் இல்லை, போதகரிடமும் இல்லை, ஜெபத்துக்காக வாட்ஸ்அப்பில் போடுவதும் இல்லை. யார் வெளியே சொன்னது என்று இப்போது துப்புத் துலக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தெரிந்தால் தனியாகப் பேசுங்கள். தெரியாவிட்டால், "இங்க பேசினது வெளிய போயிருக்கு. ஜெபத்துக்குன்னு நெனச்சுக்கூடச் சொல்லியிருக்கலாம். இனிமே அது வேண்டாம்" என்று பெயரோ விவரமோ இல்லாமல் சொல்லி, இந்தச் சம்மதத்தை வாங்குங்கள்.

ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நிபந்தனையில்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருவர் தன் உயிரை மாய்க்க நினைக்கும்போதும், வீட்டில் ஒருவர் அடி வாங்கும்போதும், ஒரு குழந்தை பாலியல் ரீதியாகவோ வேறு விதத்திலோ கொடுமைப்படும்போதும் அந்த விஷயம் குழுவுக்குள் பூட்டி வைக்கக் கூடியதல்ல. பாதுகாக்க அதிகாரமும் பயிற்சியும் உள்ளவர்களிடம் போயே ஆக வேண்டும். "பொறுத்துப் போ, மன்னிச்சுடு, ஜெபி" என்பது அங்கே ஆலோசனை ஆகாது. இந்த விதிவிலக்கை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தங்கையிடம் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு மாதத் துக்கத்தில் கோபமும் ஜெபிக்க முடியாமையும் நோய் அல்ல. ஆனால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வேலையோ படிப்போ நின்றுபோயிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். "நானும் போயிடலாம்னு இருக்கு" என்பதுபோல ஏதாவது சொன்னால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஒருவராவது கேட்டாரே என்று பலருக்கு மூச்சு வரும். ஆம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள், மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கோரிய எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் தந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, ஓரேப் மலை வரை நடந்த பிறகுதான் வந்தது (1 இராஜாக்கள் 19).

இப்போது உங்கள் காரியம். நடத்துகிறவள் அழுதால் விசுவாசம் தளருமா என்கிறீர்கள். மரித்த லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். கெத்செமனேயில் தம் ஆத்துமா "மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னார். அங்கே அவர் யாரிடம் சொன்னார் என்பதையும் பாருங்கள். ஜனக்கூட்டத்திடம் இல்லை, வந்திருந்த சீஷர் எல்லோரிடமும்கூட இல்லை. மற்றவர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று பேரை மட்டும் உள்ளே அழைத்துப்போய்ச் சொன்னார். கேட்டதும் தெளிவாக இருந்தது: இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்.

ஆகையால் முதலில் கணவரிடம் பேசுங்கள். வேலை போனது அவர் செய்தி. அவர் சம்மதமில்லாமல் நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. அவர் வேண்டாம் என்றாலும் உங்கள் தூக்கமின்மையும் பயமும் உங்களுடையவை, அவற்றைச் சொல்லலாம். அடுத்து, குழுவுக்கு வெளியே நீங்கள் நம்பும், வாய் காக்கும் மூத்த சகோதரி ஒருவரிடம் முழுவதையும் கொட்டுங்கள். குழுவுக்கு வருவது மூன்றாவது. அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு: நான் சொன்னபின் அன்றைய கூட்டம் முழுவதும் என்னைத் தேற்றுவதிலேயே போக வேண்டியிருக்குமா? ஆம் என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. இல்லையென்றால் நடந்தது, உள்ளே இருப்பது, வேண்டியது என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்: "அஞ்சு மாசமா வீட்டுல ஒரு நெருக்கடி. ராத்திரியில பயம் வருது, தூங்க முடியல. தீர்வு எதுவும் சொல்ல வேண்டாம், இந்த வாரம் என் தூக்கத்துக்காக ஜெபிங்க." குழுவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது. எவ்வளவு சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கலாத்தியர் 6-இல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் சொல்லியிருக்கிறது, மூன்று வசனம் தள்ளி அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் முதலாவது 'பாரோஸ்', ஒருவரை நசுக்கும் கனம். இரண்டாவது 'ஃபோர்ட்டியோன்', அவரவர் தூக்கிச் செல்ல வேண்டிய சுமை. தங்கையின் துக்கத்தை நீங்கள் அவளோடு தாங்கலாம்; அவளுக்குப் பதிலாகத் துக்கப்பட முடியாது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும், ஏற்கெனவே தூங்காதவர் நீங்கள். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, குறைந்தது மூன்று மாதம் தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தத் தங்கை, "மன்னிச்சிட்டேன்க்கா, ஆனா குழுவுக்கு வரல" என்று சொல்லக்கூடும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். "எப்பவாவது போன் பண்ணலாமா?" என்று மட்டும் கேளுங்கள். அவள் அப்பா இறந்த தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அவர் பிறந்த நாள் தெரிந்தால் அதையும். முதல் வருட நினைவுநாளுக்கு முந்தின வாரமே பலருக்குத் துக்கம் ஏறத் தொடங்கும். அந்த வாரத்தில் ஒருநாள் அவளை அழைத்து, "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லேன், கேக்கறேன்" என்று சொல்லுங்கள்.